எங்கள் வேதப்புத்தகத்தை விசாரிக்கிற நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

பைபிள் எப்படி உருவானது என்று பேசியும் எழுதியும் வருகிற உங்களுக்குத்தான் இந்த மடல். உங்களில் சிலர் பகுத்தறிவுப் பக்கம் நிற்பவர்கள், சிலர் வேறு சமயத்தார், சிலர் எங்கள் சபையிலேயே வளர்ந்து வெளியே போனவர்கள். இத்தனை பேருக்கும் ஒரே மடலா என்றால், ஆமாம். நீங்கள் எல்லாரும் சொல்கிற கதை ஒன்றாகத்தானே இருக்கிறது.

நான் குருவானவர் இல்லை. இருபது வருஷமாக ஓய்வுநாள் பள்ளியிலும் திடப்படுத்தல் வகுப்பிலும் பாடம் எடுக்கிறவன், அவ்வளவுதான். போன மாதம் கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பையன் எழுந்து கேட்டான்: "சார், நம்ம வேதப்புத்தகத்தை கான்ஸ்டன்டைன் ராஜாதான் நைசியாவுல கமிட்டி போட்டு எழுத வச்சாராமே?" வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மாதிரிக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் வழக்கமாகக் கிடைக்கிற பதில் "சந்தேகப்படாதே, ஜெபம் பண்ணு" என்பது. சின்ன வயதில் அந்தப் பதிலை நானும் வாங்கியிருக்கிறேன். அது வயிற்றில் கல்லாகக் கிடந்தது. அதனால் அவனுக்கு உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தேன், மணி அடித்துவிட்டது. அன்று விட்டுப்போனதையும் சேர்த்து உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் நைசியா. இன்றைய துருக்கியில் இஸ்னிக் என்கிற ஏரிக்கரை ஊர் அது. கி.பி. 325இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அங்கே ஆயர்களை (பிஷப்புகளை) கூட்டியது உண்மை. பெரிய வழக்கு ஆரியு என்ற அலெக்சாந்திரியா குருவின் போதனை: கிறிஸ்து படைக்கப்பட்டவரா, பிதாவோடு ஒரே தன்மை உடையவரா? அப்புறம், ஈஸ்டரை எந்த நாளில் ஆசரிப்பது என்ற சிக்கல். கடைசியில் 20 விதிகள் எழுதினார்கள். அவை இன்றைக்கும் வாசிக்கக் கிடைக்கின்றன. குருமார் வட்டிக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒரு விதி. ஆயர்கள் ஊர்விட்டு ஊர் மாறக் கூடாது என்று ஒரு விதி. ஞாயிற்றுக்கிழமை முழங்கால் போடாமல் நின்றுதான் ஜெபிக்க வேண்டும் என்பது இருபதாவது. (எங்கள் சேகரத்தில் இதை யாரும் கேள்விப்பட்டதுகூடக் கிடையாது.) எந்தெந்தப் புத்தகம் வேதம் என்கிற பட்டியல் அந்த இருபதில் எங்கேயும் இல்லை.

அப்படியானால் உங்கள் கதை எங்கிருந்து வந்தது? பலிபீடத்தருகே எல்லாப் புத்தகங்களையும் குவித்து வைத்து ஜெபித்தார்கள், பொய்யானவை கீழே கிடந்தன என்று சொல்கிற ஒரு நூல் இருக்கிறது; அது நைசியாவுக்கு ஐந்நூறு வருஷத்துக்குப் பின்னால் எழுதப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் வோல்ட்டேர் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் அதைக் கிண்டலுக்கு எடுத்துக்கொண்டார். 2003இல் வந்து உலகெங்கும் விற்றுத் தீர்ந்த ஓர் ஆங்கில நாவல், கான்ஸ்டன்டைன்தான் பைபிளைத் தொகுத்தார் என்று தன் பங்குக்குச் சொன்னது. உங்களுக்குச் சாதகமாக ஒரே ஒரு மெல்லிய இழை உண்டு, அதையும் நானே சொல்லிவிடுகிறேன்: யூதித்து புத்தகத்தை நைசியா சங்கம் வேதத்தில் சேர்த்து எண்ணியதாக வாசிக்கிறோம் என்று, பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் ஒரு முன்னுரையில் போகிறபோக்கில் எழுதுகிறார். அதுவும் ஒற்றைப் புத்தகத்தைப் பற்றியது. தவிரவும், அந்த யூதித்து எங்கள் புராட்டஸ்டன்ட் பைபிளின் 66 புத்தகங்களில் கிடையாது, கத்தோலிக்கரின் 73இல்தான் இருக்கிறது.

இனி, அந்தப் பையனுக்கு நான் சொல்ல ஆசைப்பட்டு நேரமில்லாமல் விட்ட சங்கதிக்கு வருகிறேன். 303இல் தியோக்கிளேத்தியன் என்ற ரோமப் பேரரசர் ஓர் ஆணை போட்டார்: கிறிஸ்தவர்களின் ஆலயங்களை இடி, புத்தகங்களை எரி. வட ஆப்பிரிக்காவில் சிர்த்தா என்கிற ஊர். அந்த வருஷம் மே 19ஆம் தேதி முனாத்தியுஸ் பெலிக்ஸ் என்ற அதிகாரி ஆட்களோடு போய் அங்கே சோதனை போட்டதன் பதிவு அப்படியே கிடைத்திருக்கிறது. நம் ஊர் ஜப்தி மகஜர் வாசித்திருக்கிறீர்களா? அதே நடைதான். பொன் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, பெண்கள் அங்கி 82, ஆண்கள் அங்கி 16, ஆண்கள் செருப்பு 13 ஜோடி, பெண்கள் செருப்பு 47 ஜோடி. ஏழைகளுக்குக் கொடுக்கச் சேர்த்து வைத்த துணிமணி போலிருக்கிறது. புத்தக அலமாரியைத் திறந்தால் காலி.

புத்தகங்கள் எங்கே என்று கேட்கிறார் பெலிக்ஸ். ஆலயத்தில் வேதம் வாசிக்கிற பொறுப்பில் இருந்த வாசகர்களிடம் இருக்கின்றன என்கிறார் ஆயர். கத்துல்லினுஸ் என்ற துணைத்திருத்தொண்டர் பெரிய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கிறார். ஒன்றுதானா, வாசகர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று கேட்டதும் அவரும் இன்னொருவரும் சொல்கிறார்கள்: நாங்கள் காட்டிக்கொடுக்கிறவர்கள் இல்லை, இதோ நிற்கிறோம், கொல்லச் சொல்லுங்கள். அவர்களைப் பிடித்து வைத்துவிட்டு வீடு வீடாகப் போகிறார்கள். விக்தோரினுஸ் வீட்டில் 8 புத்தகம். இலக்கண ஆசிரியர் விக்தோர் 2 புத்தகமும் தைக்காத கட்டுகள் நான்கும் தருகிறார்; இன்னும் இருக்கிறதே என்று அதட்டினால், இருந்தால் தந்திருப்பேனே என்கிறார். கொத்தேயோ என்பவர் வீட்டில் இல்லை, அவர் மனைவி 6 புத்தகத்தை எடுத்துத் தருகிறார். நம்பாமல் உள்ளே ஆளை அனுப்பித் தேடுகிறார்கள், வேறொன்றும் அகப்படவில்லை.

இந்தப் பதிவு தப்பிப் பிழைத்ததற்குக் காரணமே கிறிஸ்தவர்களின் சண்டைதான். அன்றைக்குக் கூட இருந்த ஒருவர் பிற்பாடு ஆயராகிவிட, "இவர் வேதத்தை அரசாங்கத்திடம் ஒப்புக்கொடுத்தவர்" என்று நிரூபிக்க 320இல் வழக்கு மன்றத்தில் இதை வாசித்தார்கள். வேதத்தைக் கொடுத்தவர் கையால் திருநிலை (குருப்பட்டம்) பெறலாமா என்ற அந்தச் சண்டையில் ஆப்பிரிக்கத் திருச்சபை இரண்டாக உடைந்து நூறு வருஷத்துக்கு மேல் கிடந்தது. யோசித்துப் பாருங்கள். நைசியாவுக்கு 22 வருஷம் முன்னாலேயே, எரிக்கக் கேட்டால் எதைக் கொடுக்கக் கூடாது என்பது ஒரு சின்ன ஊரின் வாசகர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்திருக்கிறது. சிர்த்தாவின் இன்றைய பெயர் தெரியுமா? அல்ஜீரியாவில் இருக்கிறது. பிற்பாடு அந்த ஊரைப் புதுப்பித்த பேரரசரின் பெயரைத்தான் இன்றும் தாங்கி நிற்கிறது: கான்ஸ்டன்டைன்.

கிறிஸ்துவைத் தெய்வமாக்கியதே நைசியாதான் என்பது உங்கள் கதையின் இரண்டாம் பாகம். இதற்கு எங்கள் ஆட்களைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியதே இல்லை. கி.பி. 112ஐ ஒட்டி பிளினி என்கிற ரோம ஆளுநர் தன் பேரரசருக்குக் கடிதம் எழுதுகிறார்: இவர்கள் குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணிப் பாட்டுப் பாடுகிறார்கள், என்ன செய்யட்டும்? எழுதியவர் கிறிஸ்தவர்களைக் கொன்றுகொண்டிருந்தவர்.

கான்ஸ்டன்டைனுக்கும் பைபிளுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தன் புதிய தலைநகரின் ஆலயங்களுக்காக 50 பிரதிகள் எழுதித் தரும்படி யூசேபியு என்ற ஆயரிடம் கேட்டிருக்கிறார். ஆனால் அந்த யூசேபியுவே தன் வரலாற்றில், யாக்கோபு, யூதா, 2 பேதுரு, 2, 3 யோவான் ஆகிய நிருபங்கள் (கடிதங்கள்) சிலரால் மறுக்கப்படுகின்றன என்று ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை எந்தப் பக்கம் போடுவதென்று அவருக்கே குழப்பம். 4ஆம் நூற்றாண்டின் சினாய் கைப்பிரதியைப் பார்த்தால், புதிய ஏற்பாட்டின் முடிவில் பர்னபாவின் நிருபமும் எர்மா எழுதிய மேய்ப்பன் என்ற நூலும் சேர்ந்திருக்கின்றன. இன்று எங்கள் கையில் இருக்கிற அதே 27 புத்தகங்களின் பட்டியல் 367இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு எழுதிய ஒரு பண்டிகைக் கடிதத்தில்தான் முதன்முதலாகக் கிடைக்கிறது. அந்த அத்தனாசியுவை 335இல் நாடு கடத்தியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் கான்ஸ்டன்டைன்தான். ராஜா கமிட்டி போட்டு முடித்திருந்தால் காரியம் இவ்வளவு இழுத்திருக்காது. நான்கு சுவிசேஷமும் பவுலின் நிருபங்களும் 2ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் நிலைத்துவிட்டன. ஓரத்தில் இருந்தவை ஊருக்கு ஊர் இழுபறியாகவே கிடந்தன. எத்தியோப்பியத் திருச்சபை இன்றைக்கும் 81 என்று எண்ணுகிறது.

சரி, இத்தனை நேரம் உங்களைத் திருத்தினேன். இனி எங்கள் பக்கம்.

எங்கள் பிரசங்க மேடைகளில் "ஒரு புள்ளிகூட மாறவில்லை" என்று முழங்குகிறார்கள். அது உண்மை இல்லை. புதிய ஏற்பாட்டின் கிரேக்கக் கைப்பிரதிகள் ஐயாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. கையால் எழுதியவை என்பதால் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. பெரும்பாலும் எழுத்துப்பிழை, சொல் முன்பின் மாறுவது. எங்கள் ஆச்சியின் வேதப்புத்தகத்தில் முன் வெற்றுத்தாளில் குடும்பப் பிறப்பு இறப்பெல்லாம் எழுதியிருக்கும். அப்பா பிறந்த தேதி தாத்தாவின் மையெழுத்தில் ஒன்று, பெரியப்பா கையெழுத்தில் வேறொன்று. பள்ளிச் சான்றிதழில் வழக்கம்போல ஜூன் 1. தேதி மூன்றாக இருக்கிறதே என்று அப்பா பிறக்கவே இல்லை என்று நாங்கள் முடிவு செய்யவில்லை. அதற்காக மூன்றும் சரி என்று சாதித்தாலும் அசட்டுத்தனம்தான்.

தமிழ் வாசகருக்கு இது புதிதா என்ன? பாடபேதம் என்ற சொல்லே நம்மிடம் இருக்கிறது. உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து ஏடு சேர்த்து, ஒப்பிட்டு, 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை, இன்றும் கிடைக்கவில்லை. கம்பனில் பிற்காலத்தார் செருகியதை வெள்ளிப்பாடல் என்று தனியே பிரிக்கிறோம். அதற்காக யாரும் கம்பனே கிடையாது என்பதில்லை. ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் உண்டு, அதையும் ஒத்துக்கொள்கிறேன். புறநானூற்றை நம்பாவிட்டால் நரகம் என்று யாரும் சொல்வதில்லை. எங்களில் பலர் இந்தப் புத்தகத்தை வைத்து அப்படிச் சொல்கிறார்கள். அதனால் கூடுதலாகக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எங்கள் வெள்ளிப்பாடல்கள் எவை? மாற்கு சுவிசேஷத்தின் 16ஆம் அதிகாரம் மிகப் பழைய இரண்டு முழுப் பிரதிகளில் 8ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் போனார்கள் என்பதோடு சரி. சர்ப்பங்களை எடுப்பார்கள், சாவுக்கேதுவானதைக் குடித்தாலும் சேதப்படுத்தாது என்கிற வசனங்கள் அதற்கு அப்புறம் வருகிறவை. அவற்றை நம்பிப் பாம்பைப் பிடித்துச் செத்தவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை, "உங்களில் பாவமில்லாதவன் முதலாவது கல்லெறியக்கடவன்" என்று வருமே, யோவானின் மிகப் பழைய பிரதிகளில் அது இல்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். எழுதும்போதே வலிக்கிறது. மூன்றாவது 1 யோவான் 5:7, பரலோகத்தில் சாட்சியிடுகிறவர்கள் மூவர் என்ற வரி. எராஸ்மு என்ற ஐரோப்பிய அறிஞர் தன் கிரேக்கப் பதிப்பில் 1516இலும் 1519இலும் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்புக் கிளம்பியதும் 1522இல் சேர்த்தார். நாங்கள் ஆலயத்தில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பில் அந்த வரி இருக்கிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் இல்லை. இதை வைத்து "பைபிளிலிருந்து வசனத்தை எடுத்துவிட்டார்கள்" என்று எங்கள் ஆட்களே கூச்சல் போடுகிறார்கள். எடுத்தது யாரென்று கேட்கிறவர்கள், அதைப் போட்டது யாரென்று ஒருநாளும் கேட்பதில்லை.

பழைய ஏற்பாட்டில் உங்கள் பக்கம் இன்னும் பலமானது. 1872இல் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகக் களிமண் பலகைகளில் பாபிலோனிய வெள்ளக் கதையைக் கண்டுபிடித்தார். பேழை, மலையில் தட்டுவது, பறவைகளை விட்டுப் பார்ப்பது எல்லாம் இருக்கிறது. அங்கே முதலில் புறா, அப்புறம் தகைவிலான், கடைசியில் காகம். நோவாவோ காகத்தை விட்டுவிட்டுப் புறாவை விடுகிறார். இரண்டுக்கும் உறவில்லை என்று நான் சொல்லத் துணிய மாட்டேன். மோசே எழுதியதாகச் சொல்லும் உபாகமத்தில் மோசேயின் சாவும் வருகிறது, "இந்நாள்வரைக்கும்" அவர் கல்லறையை ஒருவனும் அறியான் என்றும் வருகிறது. எழுதியவர் வெகுகாலம் கழித்து நிற்கிறார் என்பதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது. 1947 முதல் சாக்கடல் குகைகளில் கிடைத்த சுருள்களில் ஏசாயா ஏறக்குறைய நம் ஏசாயாதான், ஏழு மீட்டருக்கு மேல் நீளம். எரேமியாவுக்கோ நீண்டதும் சுருங்கியதுமாக இரண்டு வடிவம் புழங்கியிருக்கிறது. எங்கள் போதகர்கள் ஏசாயாவைப் பற்றி மட்டும் பேசுவார்கள், நீங்கள் எரேமியாவைப் பற்றி மட்டும்.

இயேசுவின் கதையே எகிப்தியரின் ஓரஸ், ரோமர் வணங்கிய மித்ரா என்ற தெய்வங்களின் கதையிலிருந்து சுட்டது என்பதற்கு அதிகம் எழுதப் போவதில்லை. மித்ரா பாறையிலிருந்து பிறந்தவர். ஓரஸின் தாய் ஐசிஸ் ஒசிரிஸின் மனைவி, கன்னியில்லை. டிசம்பர் 25 என்கிறீர்கள். இயேசு பிறந்த தேதி பைபிளில் எங்கேயுமே இல்லையே, எதைச் சுட்டார்கள்?

மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு மாறுகிறது என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் தமிழ்ச் சாட்சி சொல்லலாம். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அவருடைய புதிய ஏற்பாடு 1715க்குள் அங்கேயே அச்சாகி முடிந்தது. பின்னால் மொழிபெயர்த்தவர்கள் பப்ரிசியு, பாளையங்கோட்டையில் இரேனியு, 1871இல் பவர். பப்ரிசியுவுக்குக் கடவுள் பராபரன், பவருக்குத் தேவன், 1995க்குக் கடவுளே கடவுள். மாறியது நம் தமிழ். இந்த வரிசையில் நீங்கள் அறிய வேண்டிய ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர், நெற்றியில் நீறு பூசிய சைவர், ஆறுமுக நாவலர். அந்தப் பதிப்பு 1850இல் வந்தது. 1854இல் அதே நாவலர் கிறிஸ்தவர்களுக்கு எதிராகக் கடுமையான மறுப்பு நூல் வெளியிட்டார். அதில் எங்கள் வேதத்தை எங்கள் போதகர்களைவிட நன்றாக மேற்கோள் காட்டுவார். அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் அப்படிப்பட்ட எதிரி எங்களுக்குத் தேவை என்று நினைக்கிறேன். வாசித்துவிட்டு அடியுங்கள், வாங்கிக்கொள்கிறோம்.

வாசித்தால் என்ன தெரியும்? "இந்த நிருபத்தை எழுதின தெர்தியு என்னும் நான்" என்று பவுலின் கடிதத்துக்கு நடுவே எழுத்தர் தலையை நீட்டி வாழ்த்துச் சொல்வது தெரியும். நான் யார் யாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன் என்று எண்ணிக்கொண்டே வந்த பவுல், "இன்னும் யாருக்காவது கொடுத்தேனோ இல்லையோ அறியேன்" என்று கைவிரிப்பது தெரியும். துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் தோற்சுருள்களையும் மறக்காமல் எடுத்துவா என்று கேட்பது தெரியும். தனக்கு முன்னால் அநேகம் பேர் எழுதியிருக்கிறார்கள், நானும் திட்டமாய் விசாரித்து எழுதுகிறேன் என்று லூக்கா முதல் வரியிலேயே சொல்வது தெரியும். மனிதக் கை பட்டது என்பதை நீங்கள் துப்பறிந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அச்சிட்டே விற்கிறோம். இந்தக் கைகளின் வழியாகத்தான் தேவன் பேசினார் என்பது என் விசுவாசம். அதை நீங்கள் மறுக்கலாம். அந்த இடத்தில்தான் நமக்குள் உண்மையான வாதம் இருக்கிறது, நைசியாவில் இல்லை.

அந்தப் பையன் அடுத்த ஞாயிறு வந்தான். இந்த முறை மத்தேயு ஒன்றாம் அதிகாரத்தையும் லூக்கா மூன்றாம் அதிகாரத்தையும் விரல் வைத்துப் பிடித்தபடி: "சார், இயேசுவோட அப்பா யோசேப்புக்கு அப்பா யாக்கோபா, ஏலிங்கிறவரா?" 3ஆம் நூற்றாண்டிலேயே யூலியு ஆப்பிரிக்கானு என்பவர் இதற்கு ஒரு விளக்கம் எழுதியிருக்கிறார், ஒருவர் பெற்ற தகப்பன், மற்றவர் சட்டப்படி தகப்பன் என்று. சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். "உங்களுக்கு இது சரின்னு படுதா சார்?" என்றான். முழுசாகப் படவில்லை என்றேன். பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

இப்படிக்கு,
திருநெல்வேலிப் பக்கத்து ஓய்வுநாள் பள்ளி ஆசிரியன் ஒருவன்